உக்ரைனியப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்வி-ஆய்வு நிறுவனம்: பாடமும் ஆய்வும் அயல்நாட்டு உறவும் எப்படி நடக்கின்றன

2020-ஆம் ஆண்டில் உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 76 ஆயிரம் பேர். அவர்களில் ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் இந்தியர்கள். பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யாவின் முழுப் படையெடுப்பு தொடங்கியது. அந்த மாணவர்கள் ‘ஆபரேஷன் கங்கா’ விமானங்களில் ஊர் திரும்பியபோது, அதுவரை ஏஜெண்டுகளின் அலுவலகங்களில் மட்டும் புழங்கிய சில சொற்கள் செய்தித்தாள்களுக்கும் வீட்டுக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தன. ‘இன்ஸ்டிட்யூட்’, ‘டை-அப்’, ‘அகாடமிக் மொபிலிட்டி’, ‘டபுள் டிகிரி’ என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் ஒருவர் ஒரு பொருளில் சொன்னதை மற்றவர் வேறு பொருளில் புரிந்துகொண்டார். பிள்ளையின் படிப்பையும் கடனையும் நினைத்துக் கலங்கிப் போயிருந்த பெற்றோரை அந்தக் குழப்பம் மேலும் அலைக்கழித்தது.

மூன்று தவறான எண்ணங்கள் இன்றும் பரவலாக இருக்கின்றன. இன்ஸ்டிட்யூட் என்றால் பல்கலைக்கழகத்தைவிட ஒரு படி தாழ்ந்த கல்லூரி என்பது முதலாவது. அங்கே பாடம் நடத்துவது மட்டுமே வேலை, ஆய்வெல்லாம் வேறெங்கோ நடக்கிறது என்பது இரண்டாவது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருந்தால் அந்த நாட்டுப் பட்டமும் கைக்கு வந்துவிடும் என்பது மூன்றாவது. ஒரு கல்வி-ஆய்வு நிறுவனம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்துவிடும். புதிதாகப் படிப்பவரை மனத்தில் வைத்து அதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரே பெயர்ப்பலகை, மூன்று வகை அமைப்புகள்

உக்ரைனில் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரைத் தாங்கிய அமைப்புகள் மூன்று வகைப்படும்.

முதல் வகை, தனியாகவே பட்டம் வழங்கும் உயர்கல்வி நிலையங்கள். சோவியத் காலத்தில் பொறியியலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, ஆசிரியர் பயிற்சிக்கு ஒன்று என்று துறைவாரியாக இவை கட்டப்பட்டன. நாடு 1991-இல் விடுதலை பெற்ற பிறகு, இவற்றில் மிகப் பல 1990-களில் பெயர் மாறிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. கீவ் பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1898-இல் தொடங்கப்பட்ட அந்த நிலையம் இன்று தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஆனால் நூறாண்டுப் பெருமை உள்ள பழைய பெயரை அது விடவில்லை. ஹெலிகாப்டர் வடிவமைப்பாளர் ஈகோர் சிகோர்ஸ்கி அங்கே படித்தவர். 2016 முதல் அந்தப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. சோவியத் விண்கலங்களின் தலைமை வடிவமைப்பாளராக விளங்கிய செர்கேய் கரலியோவும் 1920-களில் அங்கே மாணவராக இருந்தார். பெயரில் இன்ஸ்டிட்யூட் என்று இருப்பதால் இதைச் சிறிய கல்லூரி என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரண்டாம் வகை, தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வு நிறுவனங்கள். 1918 நவம்பரில் கீவ் நகரில் நிறுவப்பட்ட இந்தக் கழகத்தின் முதல் தலைவர் புவி வேதியியலாளர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி. கழகத்தின் நிறுவனங்களில் ஆய்வுதான் முதன்மைப் பணி. இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு நடத்துவது அவற்றின் கடமை அன்று. சோவியத் அமைப்பு பாடத்தையும் ஆய்வையும் இப்படி இரண்டு தனி வீடுகளில் வைத்திருந்தது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு அந்தப் பிரிவினையே வேர்.

மூன்றாம் வகைதான் இந்தக் கட்டுரையின் பொருள். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே, அதன் ஓர் உறுப்பாக இருக்கும் அமைப்பு அது. 2014-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இதற்கு ஏறக்குறைய ‘கல்வி-ஆய்வு நிறுவனம்’ என்று பொருள்படும் பெயரைத் தருகிறது. ஒரு துறையைச் சேர்ந்த கற்பித்தல் பிரிவுகள், ஆய்வுக்கூடங்கள், ஆய்வு மையங்கள் ஆகியவற்றை ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்து, படிப்பையும் ஆய்வையும் சேர்த்து நடத்தும் உறுப்பு என்பது அதன் சாரம். லிவிவ் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, கணினி அறிவியல், வேதியியல் போன்ற துறைகள் இத்தகைய நிறுவனங்களாகவே பிரிக்கப்பட்டிருக்கின்றன. கீவ் பாலிடெக்னிக்கில் இவ்வகை நிறுவனங்களும் புலங்களும் அருகருகே இருக்கின்றன. இனி வெறுமனே நிறுவனம் என்று சொல்லும் இடங்களில் இந்த மூன்றாம் வகையையே குறிக்கிறேன்.

ஒரே பட்டா, தனி அடுப்பு

நம் ஊர்ப் பழைய கூட்டுக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெரிய வீடு ஒன்று. நிலத்தின் பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கிறது. மூத்த மகன் குடும்பம் பின்கட்டில் தனி அடுப்பு வைத்திருக்கிறது. அந்தக் குடும்பம் என்ன சமைப்பது, பிள்ளைகளுக்கு எந்த வேலையைக் கற்றுத் தருவது, அன்றாடச் செலவை எப்படிப் பார்ப்பது என்பதையெல்லாம் தானே முடிவு செய்கிறது. ஆனால் நிலத்தை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ தாத்தா கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிப்பது அவள் பெற்றோர். திருமண அழைப்பிதழ் அச்சாவதோ தாத்தாவின் பெயரில்.

கல்வி-ஆய்வு நிறுவனத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பாடத்திட்டத்தை வகுப்பதும், ஆய்வின் திசையைத் தீர்மானிப்பதும், வெளிநாட்டுப் பேராசிரியர்களோடு முதலில் பேசுவதும் நிறுவனத்தின் வேலைகள். ஆனால் பொதுவாக அது சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அன்று. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் வரும். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் ரெக்டர், அதாவது பல்கலைக்கழகத்தின் தலைவர். அல்லது அவரிடம் அதிகாரம் பெற்றவர். அரசின் உரிமமும் பல்கலைக்கழகத்துக்கே வழங்கப்படுகிறது. நிறுவனத்தின் இயக்குநர் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அன்போடு எழுதிய கடிதம் ஒப்பந்தம் ஆகாது என்பது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: இன்ஸ்டிட்யூட் என்ற பெயரைக் கொண்டு ஓர் அமைப்பின் தரத்தை அளக்க முடியாது. அது தனிநிலையமா, அறிவியல் கழகத்தின் ஆய்வகமா, பல்கலைக்கழகத்தின் உறுப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். உறுப்பாக இருந்தால் வேலை அதனுடையது. சட்டப் பொறுப்பும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை.

உள்ளே இருப்பவர்கள்

நிறுவனத்தின் அடிப்படை அலகு கஃபெத்ரா என்று உக்ரைனியர் அழைக்கும் துறை. நாம் இதைத் துறை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு துறையைத் தொடங்கச் சட்டம் குறைந்தபட்ச அளவை விதிக்கிறது: அதையே முதன்மைப் பணியிடமாகக் கொண்ட கற்பிக்கும் ஆய்வாளர்கள் 5 பேராவது இருக்க வேண்டும், அவர்களில் 3 பேராவது ஆய்வுப் பட்டமோ கல்விசார் பதவிப் பெயரோ பெற்றிருக்க வேண்டும். பலகையை மட்டும் மாட்டிவிட்டுத் துறை என்று சொல்லிக்கொள்வதைத் தடுப்பதற்கான விதி இது.

பல துறைகள் சேர்ந்தது புலம். அதற்குத் தலைவர் டீன். பல துறைகளோடு ஆய்வுக்கூடங்களும் ஆய்வு மையங்களும் சேர்ந்தது நிறுவனம். அதற்குத் தலைவர் இயக்குநர். 2014 சட்டத்தின்படி இயக்குநர் அந்த நிறுவனத்தின் கூட்டு அமைப்பின் இசைவோடு ரெக்டரால் நியமிக்கப்படுகிறார். இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் அவர் அதே பதவியில் நீடிக்க முடியாது. நடைமுறையில் புலத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாத பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆய்வுக்கூடங்கள் உண்மையாகவே உயிரோடு இருக்கும் இடத்தில்தான் அந்தப் பெயர் பொருள் பெறுகிறது என்பது என் கருத்து.

பாடம்: கிரெடிட் என்ற பொது அளவு

2005 மே மாதம் நார்வேயின் பெர்கன் நகரில் நடந்த கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் உக்ரைன் போலோனியா முறையில் சேர்ந்தது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் உயர்கல்வியின் அமைப்பை ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கதாக ஆக்கிக்கொள்ளும் கூட்டு முயற்சியே போலோனியா முறை. பாடங்களையெல்லாம் ஒரே மாதிரி ஆக்குவது அதன் நோக்கம் அன்று. அளவுகோலை ஒன்றாக்குவதே நோக்கம். அந்த அளவுகோலின் பெயர் ஐரோப்பிய கிரெடிட்.

ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய உழைப்பின் அளவு. உக்ரைனில் அது 30 மணி நேரம். இந்த 30 மணி நேரத்தில் விரிவுரை கேட்பது, ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பது, நூலகத்தில் தானே படிப்பது, தேர்வுக்கு ஆயத்தமாவது எல்லாம் அடங்கும். ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஆகவே 1,800 மணி நேரம். இளநிலைப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 240 கிரெடிட், முதுநிலைக்கு 90 முதல் 120 வரை. மருத்துவம் போன்ற படிப்புகள் இளநிலை-முதுநிலை என்று பிரியாமல் ஒரே நீண்ட படிப்பாக நடக்கின்றன.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? ஒரு மாணவர் ஒரு பருவம் போலந்தில் படித்து 30 கிரெடிட் பெற்று வந்தால், அவர் என்ன அளவு உழைத்திருக்கிறார் என்பது கீவ் நகரில் இருக்கும் துறைக்குத் தெரியும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அது தெரியாது. பின்னால் வரும் பரிமாற்றங்கள் அனைத்தும் இந்த ஒரு கணக்கின்மேல் நிற்கின்றன.

நிறுவனம் நடத்துவது ‘கல்வித் திட்டம்’. ஒரு பட்டத்துக்கு உரிய பாடங்கள், செய்முறைகள், களப்பயிற்சி, இறுதி ஆய்வேடு ஆகியவற்றின் முழுத் தொகுப்பு அது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பொறுப்புப் பேராசிரியர் உண்டு; அவரை ‘ஹரந்த்’ என்கிறார்கள். திட்டத்தின் தரத்துக்கு அவர் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனெனில், உயர்கல்வித் தர உறுதிக்கான தேசிய முகமை தரச் சான்று வழங்குவது ஒவ்வொரு கல்வித் திட்டத்துக்கும் தனித்தனியே. பார்வையிட வரும் வல்லுநர் குழுவில் வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவரும் இடம்பெறுகிறார். பேராசிரியர்கள் இல்லாத அறையில் அந்தக் குழு மாணவர்களிடம் பேசுகிறது: விருப்பப் பாடத்தை உண்மையில் நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்களா, மதிப்பெண்ணில் குறை இருந்தால் முறையிட வழி இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு திட்டம் சான்று பெற, இன்னொரு திட்டத்துக்கு மறுக்கப்படவும் கூடும். பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்ற ஒற்றை வரியை மட்டும் நம்பிச் சேருவது போதாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உக்ரைனிய மாணவர்கள் உள்ளே வரும் வழியும் மாறியிருக்கிறது. 2008 முதல் பல்கலைக்கழகங்கள் தாமே நடத்திய நுழைவுத் தேர்வுகளின் இடத்தில் நாடு தழுவிய புறநிலைத் தேர்வு வந்தது. சிபாரிசுக்கும் கையூட்டுக்கும் இடம் தந்த பழைய கதவு அதனால் பெருமளவு மூடப்பட்டது. போர் தொடங்கிய 2022 முதல், பல பாடங்களைச் சேர்த்துக் கணினியில் எழுதும் தேர்வு அதன் இடத்தைப் பிடித்தது. உக்ரைனின் உயர்கல்வியைப் பொதுவாகக் குறை சொல்லுபவர்கள் இந்த ஒரு சீர்திருத்தத்தையாவது நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆய்வு: ஒரே ஆளின் இரண்டு வேலைகள்

இப்போது இரண்டாவது தவறான எண்ணத்துக்கு வருவோம். நிறுவனத்தில் வேலை செய்பவரின் பதவியைச் சட்டம் ‘ஆய்வு-கற்பித்தல் பணியாளர்’ என்கிறது. அவருக்கு வாரத்துக்கு 36 மணி நேர வேலை. ஆண்டு முழுவதும் அவருக்கு ஒதுக்கக்கூடிய கற்பித்தல் நேரம் அதிகபட்சம் 600 மணி. மீதி நேரம் பாடநூல் தயாரிப்பு, ஆய்வு, நிர்வாகப் பணி என்று பிரியும். ஒவ்வொருவரும் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த நேரத்தை எப்படிச் செலவிடப் போகிறோம் என்று ‘தனிப்பட்ட திட்டம்’ என்ற தாளை நிரப்பித் தர வேண்டும். ஆய்வு என்பது ஓய்வு நேரத்து ஆர்வமாக இல்லாமல் ஊதியத்துக்கு உரிய கடமையாக அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதப்பட்டிருப்பது வேறு, நடப்பது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 600 மணி நேர உச்ச வரம்பு பல துறைகளில் வழக்கமான சுமையாகவே மாறிவிட்டது. அவ்வளவு நேரம் வகுப்பெடுத்தவருக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்கத் தெம்பு குறைவு. சோவியத் காலத்துப் பிரிவினையால் விலையுயர்ந்த கருவிகள் அறிவியல் கழகத்தின் நிறுவனங்களிலேயே தங்கிவிட்டன. ஆகவே பல்கலைக்கழகத்துக்கும் கழகத்துக்கும் இடையே பாலம் போடுபவர்கள்தாம் நல்ல ஆய்வைத் தருகிறார்கள்.

அப்படிப்பட்ட பாலங்களில் மிகப் பழையது பற்றவைப்புத் துறையில் இருக்கிறது. பாலப் பொறியாளரான எவ்ஹேன் பேட்டன் கீவ் பாலிடெக்னிக்கில் பேராசிரியர். 1934-இல் அறிவியல் கழகத்தின்கீழ் மின் பற்றவைப்பு நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆணி அறைந்து இணைப்பதற்குப் பதிலாக முழுவதும் பற்றவைத்தே கட்டிய பாலம் ஒன்று கீவ் நகரில் தினிப்ரோ ஆற்றின்மேல் 1953-இல் திறக்கப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. அவர் மகன் போரிஸ் பேட்டன் அதே பாலிடெக்னிக்கில் படித்து, பின்னர் 1962 முதல் 2020 வரை அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். அவருடைய நிறுவனம் உருவாக்கிய ‘வுல்கான்’ கருவியைக் கொண்டு 1969 அக்டோபரில் சோயுஸ்-6 விண்கலத்தில் விண்வெளியின் முதல் பற்றவைப்புச் சோதனை நடந்தது. இன்று கீவ் பாலிடெக்னிக்குக்குள் இருக்கும் பொருளறிவியல் மற்றும் பற்றவைப்புக் கல்வி-ஆய்வு நிறுவனம் எவ்ஹேன் பேட்டனின் பெயரைத் தாங்குகிறது. இரண்டு அமைப்புகள், இரண்டு வகைகள், ஒரே பெயர். கழகத்து நிறுவனத்தையும் பல்கலைக்கழகத்து நிறுவனத்தையும் வெளியார் போட்டுக் குழப்பிக்கொள்வது இயல்புதான்.

அதே வளாகத்திலிருந்து இன்னொரு எடுத்துக்காட்டு. வெப்பப் பொறியியல் சார்ந்த குழு ஒன்று ‘பாலிஇட்டான்’ என்ற பெயரில் மிகச் சிறிய செயற்கைக்கோள்களைச் செய்தது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம்தான் முதல் கோள். அது 2014 ஜூனில் ஏவப்பட்டது. இரண்டாவது, 2017-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. வளிமண்டலத்தின் மேலடுக்கை அளப்பதற்காகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ‘க்யூபி50’ என்ற ஐரோப்பியத் திட்டத்தின் பங்கு அது. மூன்றாவது 2023 ஜனவரியில் மேலே போனது. அதன் வேலை வெப்பக் குழாய்களைச் சோதிப்பது. விண்வெளியில் காற்று இல்லை. கருவியின் சூட்டைக் காற்றோட்டத்தால் ஆற்ற முடியாது. ஆகவே உள்ளே ஒரு திரவம் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து திரும்பிவரும் மூடிய குழாய்கள் சூட்டைக் கடத்துகின்றன. அது அந்தத் துறையார் பல காலமாகப் பாடம் நடத்தி வந்த விஷயம். வகுப்பில் சமன்பாடாகப் படித்ததை மாணவர்கள் சுற்றுப்பாதையில் அளந்து பார்த்தார்கள். பாடம், ஆய்வு, அயல்நாட்டு உறவு ஆகிய மூன்றும் ஒரே மேசையில் சந்திப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு தோன்றவில்லை.

ஆய்வுப் பட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சோவியத் வழியில் வந்த ‘அறிவியல் வேட்பாளர்’ பட்டத்தின் இடத்துக்கு 2014 சட்டம் முனைவர் பட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் 30 முதல் 60 கிரெடிட் வரை பாடங்களும் உண்டு. அதற்கு மேலே ‘அறிவியல் டாக்டர்’ என்ற உயர் பட்டம் தொடர்கிறது.

சுருக்கமாக: கற்பிப்பவரும் ஆய்வு செய்பவரும் ஒரே ஆள் என்பதுதான் நிறுவனத்தின் கரு. அவருக்கு நேரமும் கருவியும் கிடைக்கும் இடத்தில் அமைப்பு செழிக்கிறது. கிடைக்காத இடத்தில் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

ஒப்பந்தங்கள்: கைகுலுக்கலும் கணக்கும்

நம் ஊரில் ‘டை-அப்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படுவது உண்மையில் நான்கைந்து வெவ்வேறு ஏற்பாடுகள். அவற்றின் கனம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடும்.

மிக இலேசானது புரிந்துணர்வு ஒப்பந்தம். சேர்ந்து செயல்பட விருப்பம் இருக்கிறது என்று இரு ரெக்டர்களும் கையெழுத்திடும் தாள் அது. படம் எடுக்கலாம், செய்தி போடலாம். ஒரு மாணவருக்குக்கூட அதனால் மட்டும் இடமோ பணமோ கிடைத்துவிடாது. விளம்பரத்தாள்களில் நீளமாக அச்சாகும் வெளிநாட்டுப் பெயர்ப் பட்டியல்களில் இந்த வகையும் கலந்திருக்கும்.

அடுத்தது கிரெடிட் பரிமாற்றம். இதற்குத்தான் கல்விசார் இடப்பெயர்வு, அதாவது ‘அகாடமிக் மொபிலிட்டி’ என்று பெயர். உக்ரைன் அமைச்சரவை 2015 ஆகஸ்டில் இதற்குத் தனி விதிமுறையையே வெளியிட்டது. மாணவர் தன் தாய்ப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருந்துகொண்டு, ஒரு பருவமோ ஓராண்டோ வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். புறப்படுவதற்கு முன்பே மாணவர், இரு பல்கலைக்கழகங்கள் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் ‘கற்றல் உடன்பாடு’ என்ற தாள் தயாராகிறது. அங்கே எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிவரியாக அதில் இருக்கும். ஊர் திரும்பிய மாணவரின் மதிப்பெண்களை அந்தத் தாளோடு ஒப்பிட்டுத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது. பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தினுடையது. சென்று படித்த இடத்தின் பட்டம் அன்று.

இரட்டைப் பட்டம் என்பது வேறு. இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து திட்டமிட்டு, இரு இடத்து நிபந்தனைகளையும் நிறைவு செய்பவருக்குத் தலா ஒரு பட்டம் தரும் ஏற்பாடு அது. கீவ் பாலிடெக்னிக்கும் ஜெர்மனியின் மாக்டபுர்க் பல்கலைக்கழகமும் இயந்திரப் பொறியியலுக்காகக் கூட்டுப் புலம் ஒன்றையே அமைத்துக்கொண்டன. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் பேச்சு நடக்கும். பாடத்திட்டங்கள் பக்கம் பக்கமாக ஒப்பிடப்படும். மாணவர் ஜெர்மன் மொழி கற்க வேண்டியிருக்கும். அதனாலேயே இவை எண்ணிக்கையில் குறைவு.

நிதியோடு வரும் கூட்டுத் திட்டங்கள் இன்னொரு வகை. 1990-களில் ‘டெம்பஸ்’ என்ற ஐரோப்பியத் திட்டம் உக்ரைனியப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களைப் புதுப்பிக்கப் பணம் தந்தது. 2014-க்குப் பிறகு ‘எராஸ்மஸ்+’ அந்த வேலையையும் ஆள் பரிமாற்றத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆய்வுக்கென ‘ஹொரைசன்’ என்ற பெருந்திட்டம் இருக்கிறது. அதில் உக்ரைன் 2015-இல் இணை நாடாகச் சேர்ந்தது. அதன் அடுத்த கட்டத்துக்கான ஒப்பந்தம் 2021 அக்டோபரில் கையெழுத்தாகிப் போர்க்காலத்திலேயே, 2022 ஜூனில், நடைமுறைக்கு வந்தது. இணை நாடு என்றால் அந்நாட்டு ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஒன்றியத்து ஆய்வாளர்களுக்கு நிகராக நின்று நிதிக்குப் போட்டியிடலாம் என்று பொருள். இத்தகைய திட்டங்களின் விண்ணப்பத்தை உண்மையில் எழுதுபவர்கள் துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேர்தாம். பாதி இரவு வரை வரவு-செலவுப் பட்டியலைச் சரிபார்த்துக் காலையில் எட்டரை மணி வகுப்புக்குப் போகும் அவர்களின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை.

2022-க்குப் பிறகு

போர் தொடங்கியதும் கட்டடங்களே இலக்காயின. 1804-இல் நிறுவப்பட்ட கார்கிவ் கராசின் பல்கலைக்கழகம், மெச்னிகோவ், லாண்டாவ், குஸ்நெட்ஸ் ஆகிய மூன்று நோபல் அறிஞர்களோடு தொடர்புடையது. அதன் பல கட்டடங்கள் 2022-இல் தாக்கப்பட்டன. இயற்பியல்-தொழில்நுட்பப் புலத்தின் கட்டடம் அவற்றில் ஒன்று. அதே நகரின் இயற்பியல்-தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தோடு சேர்ந்து கட்டப்பட்ட நியூட்ரான் உலையமைப்பும் அந்த மார்ச்சில் குண்டுவீச்சில் சேதமடைந்தது. 1932-இல் லித்தியம் அணுக்கருவைப் பிளந்த ஆய்வகத்தின் வழித்தோன்றல் அது.

சில பல்கலைக்கழகங்கள் ஊரையே விட்டுப் போக நேர்ந்தது. தொனெட்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம் 2014-லேயே வின்னித்சியாவுக்கு இடம் மாறியது. 2022-இல் மரியுபோல் அரசுப் பல்கலைக்கழகம் கீவ் நகருக்கும், கெர்சோன் அரசுப் பல்கலைக்கழகம் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்குக்கும் சென்றன. கட்டடம், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் பின்னே நின்றன. மாணவர் பதிவேடும் கல்வித் திட்டங்களும் ஆசிரியர்களும் நகர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தின் சட்ட உடல் தொடர்ந்ததால் பட்டங்களும் தொடர்ந்தன.

இந்தக் கட்டத்தில்தான் அயல்நாட்டு உறவுகளில் எது கைகுலுக்கல், எது கணக்கு என்பது வெளிச்சமானது. பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் உக்ரைனின் பல்கலைக்கழகங்களோடு ஒன்றுக்கு ஒன்றாக இணைந்துகொள்ளும் ‘இரட்டையர்’ முயற்சி 2022-இல் தொடங்கி நூறு இணைகளைத் தாண்டியது. அதில் கேம்பிரிட்ஜின் இணை கார்கிவ் கராசின். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை இணையவழி வகுப்புகளுக்கென்றே தனி நிதி ஒதுக்கியது. முன்பே கிரெடிட் கணக்கில் பழகியிருந்த துறைகள் தங்கள் மாணவர்களின் வெளிநாட்டுப் பாடங்களை விரைந்து ஏற்றுக்கொண்டன. உள்ளூரில் நேரடி வகுப்பு நடத்த விரும்பிய நிறுவனங்களுக்குப் பதுங்கறை எத்தனை பேரைக் கொள்ளும் என்பதே வகுப்பின் அளவைத் தீர்மானித்தது.

நம் மாணவர்களின் கதை இங்கேதான் வந்து இணைகிறது. உக்ரைன் முன்வைத்த இடப்பெயர்வுத் திட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதே அறிவிப்பில், இது பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தற்காலிகமாக இடம் மாறுவது என்றும், பட்டம் தாய்ப் பல்கலைக்கழகமான உக்ரைனியப் பல்கலைக்கழகமே வழங்கும் என்றும் இருந்தது. ஆனால் ஊரில் பலர் இதை, இந்தியக் கல்லூரிகளிலேயே மீதிப் படிப்பை முடித்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் விளக்க வேண்டிவந்தது. ஒரு பருவமோ இரண்டு பருவமோ வேறொரு நாட்டில் படித்து முடித்தவர்களின் மதிப்பெண் பட்டியலைத் தாய்ப் பல்கலைக்கழகத்தின் துறை கற்றல் உடன்பாட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, கிரெடிட்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உடன்பாட்டில் இல்லாத பாடத்துக்கு ஈடு கிடைக்காது. எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்பதற்கு முன்பே, தன் துறை கையெழுத்திட்ட அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவர் மாணவர்தான்.